தமிழ் பேசினாலும் 'ஃபாரினர்'தான்... திருவண்ணாமலை சொல்லித்தரும் 'சி ஃபார்ம்' பாடம்!

திருவண்ணாமலைக்கு இரண்டு கூட்டங்கள் உண்டு. ஒன்று பௌர்ணமிக் கூட்டம். மாதம் ஒருமுறை வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி, விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய்விடும். இன்னொன்று, கார்த்திகை தீபம் முடிந்து குளிர் தொடங்கும்போது வந்து மாசி வெயில் வரை தங்கிவிடும் கூட்டம். உள்ளூர்க்காரர்கள் அதை 'ஃபாரினர் சீசன்' என்பார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோயில் பக்கம் போகக் கூடாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் சாலையில் ரமணாஸ்ரமம் பக்கம் போக வேண்டும். சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்தைத் தாண்டும்போதே ஊரின் முகம் மாறிவிடும். வாடகை சைக்கிளில் பருத்தி வேட்டியோடு போகும் ஐரோப்பியர், ஸ்கூட்டரில் காய்கறிப் பையோடு திரும்பும் ரஷ்யப் பெண், இளநீர்க் கடையில் கையைக் காட்டி விலை கேட்கும் ஜப்பானியர் என்று பலரும் கண்ணில் படுவார்கள். ஆசிரமத்துக்குள் மயில்கள், குரங்குகள், தியான மண்டபத்தின் அமைதி. வெளியே ரமணா நகர், பெரும்பாக்கம் சாலை என்று நீளும் தெருக்களில் மாடி வீடுகள். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே மொட்டைமாடியிலிருந்து மலை தெரியும் ஓர் அறை. அந்த அறைக்குத்தான் இத்தனை பேர் கடல் தாண்டி வருகிறார்கள்.

ரமணாஸ்ரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அங்கே கிடைப்பதும் சில நாள்கள்தான். அதற்குமேல் தங்க நினைப்பவர்கள் பக்கத்துத் தெருக்களில் வீடு தேடுகிறார்கள். அந்த வீட்டுச் சாவி கைமாறும் நிமிடத்திலேயே ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. 24 மணி நேரக் கடிகாரம்! பல வீட்டுக்காரர்களுக்கு அது ஓடுவதே தெரிவதில்லை.

செப்டம்பர் 1

மதுரையிலிருந்து கிளம்பிய 16 வயது வேங்கடராமன், திருவண்ணாமலை வந்து சேர்ந்தது 1896, செப்டம்பர் 1. பிற்பாடு அவரே ரமண மகரிஷி. யாரும் அவரிடம் விலாசம் கேட்கவில்லை. கோயிலுக்குள் போய் அமர்ந்தவர், 1950-ல் மறையும்வரை இந்த ஊரைவிட்டு நகரவில்லை.

அவரைத் தேடி வெளிநாட்டவர்கள் பெருமளவில் வரத் தொடங்கியதற்கு ஒரு புத்தகம் முக்கியக் காரணம். லண்டன் பத்திரிகையாளர் பால் பிரன்டன், ரமணரைச் சந்தித்த அனுபவத்தை எழுதிய நூல் 1934-ல் வெளியானது. 1938-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்துபோனார். பாங்காக்கில் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஆஸ்போர்ன் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் முகாமில் அடைபட்டுக் கிடந்தபோது, அவருடைய மனைவியும் மூன்று குழந்தைகளும் பாதுகாப்பாக இருந்தது திருவண்ணாமலையில்தான்.

அந்தப் போர்க்காலம்தான் வெளிநாட்டவர் பதிவுச் சட்டங்களும் பிறந்த காலம். வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் 1939-ல் வந்தது. வெளிநாட்டவர் சட்டம் 1946-ல். வெள்ளைக்கார அரசு போட்ட இந்தச் சட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் எழுபது, எண்பது ஆண்டுகள் நீடித்தன. கடைசியில் 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களையும் நீக்கிவிட்டு, 'குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025' என்ற ஒரே சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள், 2025, செப்டம்பர் 1. ரமணர் அண்ணாமலைக்கு வந்த அதே தேதி. தற்செயல்தான். ஆனால், விலாசம் கேட்காமல் ஒருவரை ஏற்றுக்கொண்ட ஊர், இன்று வருகிற ஒவ்வொரு வெளிநாட்டவரின் விலாசத்தையும் எழுதி வைக்க வேண்டிய ஊராகிவிட்டது.

யார் எதைப் பதிய வேண்டும்?

இங்கே இரண்டு வேறு பதிவுகள் இருக்கின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, வெளிநாட்டவர் தானே செய்துகொள்ள வேண்டிய பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் படிக்கவோ, வேலை பார்க்கவோ, ஆராய்ச்சி செய்யவோ வருகிறவர்கள், இந்தியாவுக்குள் வந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது பொதுவான விதி. பாகிஸ்தான் குடிமக்களுக்கு அது 24 மணி நேரம். 'எஃப்.ஆர்.ஆர்.ஓ' என்று சொல்லப்படும் இந்த அலுவலகம் சென்னையில் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. மாவட்டங்களில் எஸ்.பி-தான் பதிவு அதிகாரி. 2018 முதல் பெரும்பாலான வேலைகள் ஆன்லைனுக்கு வந்துவிட்டன. ஓசிஐ அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு, எத்தனை நாள் தங்கினாலும் இந்தப் பதிவு தேவையில்லை. சில வாரம் மலையைச் சுற்றிவிட்டுப் போகும் சாதாரண சுற்றுலாப் பயணிக்கும் பொதுவாகத் தேவையில்லை.

இரண்டாவது, தங்க இடம் கொடுப்பவர் செய்ய வேண்டிய பதிவு. இதைத்தான் பல ஆண்டுகளாக 'சி ஃபார்ம்' என்று அழைக்கிறார்கள். புதிய சட்டம் வந்த பிறகும் ஊர்வாயில் அதே பெயர்தான். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள், தங்கவைத்தவர் அந்தத் தகவலை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். விசா ஒரு மாதமா, ஐந்து வருடமா என்பது இங்கே கணக்கில்லை. ஒரே ஓர் இரவு தங்கினாலும் படிவம் உண்டு.

ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், தர்மசாலை, கல்லூரி விடுதி, மருத்துவமனை என்று போகும் அந்தப் பட்டியலில் 'தனி வீடு' என்பதும் இருக்கிறது. திருவண்ணாமலையின் மாடி அறைகள் சட்டத்துக்குள் வருவது அந்த ஒரு சொல்லால்தான்.

பத்து நிமிட வேலை

ஒருமுறை பழகிவிட்டால் சி ஃபார்ம் பெரிய வேலை இல்லை. வீட்டுக்காரர் முதலில் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தன் வீட்டுக்கு ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். வீட்டு முகவரி, உரிமையாளர் பெயர், செல்போன் எண் கொடுத்தால், அதிகாரிகள் பார்த்து ஒப்புதல் தருவார்கள். இதை விருந்தாளி வந்து இறங்கிய பிறகு தொடங்கினால் 24 மணி நேரம் போதாமல் போகலாம். சீசனுக்கு முன்பே செய்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அதன்பிறகு ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு படிவம். புகைப்படம், பாஸ்போர்ட் எண், அது எங்கே எப்போது வாங்கப்பட்டது, எப்போது காலாவதி, விசா எண், விசா வகை, சொந்த நாட்டு முகவரி, இந்தியாவுக்கு வந்த தேதி, இந்த வீட்டுக்கு வந்த தேதியும் நேரமும், எத்தனை நாள் தங்குவார், அடுத்து எங்கே போகிறார். இவ்வளவுதான். கட்டணம் கிடையாது. அனுப்பிய பிறகு ஒரு பிரின்ட் எடுத்து விருந்தாளியிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடலாம். அவர் கிளம்பியதும் புறப்பாட்டையும் குறித்துவிடுவது நல்லது.

தவறு நடக்கும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். இந்தியாவுக்கு வந்த தேதியையும் வீட்டுக்கு வந்த தேதியையும் மாற்றிப் போடுவது, அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதிக் கொடுத்த தேதியை அப்படியே நம் வழக்கப்படி பதிந்துவிடுவது, குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றுவது. வாயால் கேட்டு எழுதாமல், பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதினால் பாதித் தவறு போய்விடும்.

பிறகு ஏன் தயக்கம்?

படிவம் சுலபம் என்றால், ஏன் பல வீடுகளில் அது போடப்படுவதில்லை? காரணம் கணினி அல்ல, பயம்.

வாடகை வருகிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தால் வீட்டுவரி கூடுமோ, கரன்ட் பில்லை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ, வருமான வரி நோட்டீஸ் வருமோ என்ற பயம். போலீஸ் சம்பந்தப்பட்ட எதையும் தொடாமல் இருந்தால் நல்லது என்ற நம் குடும்பங்களின் பழைய பழக்கம். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றி ஸ்டேஷனுக்குச் சொல்வது துரோகம் மாதிரி என்ற கூச்சம். இன்னொரு பக்கம், படிவத் தொல்லையே வேண்டாம் என்று வெளிநாட்டவருக்கு அறை தருவதையே நிறுத்திவிடும் சின்ன லாட்ஜ்கள். அறை காலியாக இருக்கும். ஆனால், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இல்லை என்பார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் பயணிக்கு, தனக்கு ஏன் இடம் இல்லை என்பது கடைசிவரை புரியாது.

இதில் யாருமே யோசிக்காத ஒரு வகை இருக்கிறது. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிரிவலத்துக்கு வரும் தமிழர்கள். வேட்டி கட்டியிருப்பார்கள், விபூதி பூசியிருப்பார்கள், நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார்கள். லாட்ஜ் கவுன்டரில் இருப்பவருக்கு 'ஃபாரினர்' என்றால் வெள்ளைத்தோல்தான். எனவே, சாதாரண ரெஜிஸ்டரில் பெயர் எழுதிச் சாவி கொடுத்துவிடுகிறார். சட்டம் பார்ப்பது நிறத்தையோ மொழியையோ அல்ல, பாஸ்போர்ட்டை. இலங்கை பாஸ்போர்ட்டில் வந்த பெரியம்மாவும் படிவத்தில் வெளிநாட்டவர்தான். கனடா பாஸ்போர்ட்டோடு விசாவில் வந்த பேரனும் அப்படியே. ஆகவே இது திருவண்ணாமலை வீட்டுக்காரர்களின் கவலை மட்டுமல்ல. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கும்பாபிஷேகத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து தங்கும் ஒவ்வொரு தமிழ்நாட்டு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்.

மாட்டிக்கொள்வது யார்?

படிவம் போட வேண்டியது வீட்டுக்காரர். போடாவிட்டால் சட்டப்படி அவர்தான் பொறுப்பு. ஆனால், நடைமுறையில் முதலில் திண்டாடுவது விருந்தாளி.

ஒரு சாதாரண சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். கிரிவலக் கூட்டத்தில் ஒருவருடைய பை தொலைந்துவிடுகிறது. பாஸ்போர்ட் அதற்குள். போலீஸில் புகார் கொடுத்து, தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் வாங்கிவிடலாம். ஆனால், அதை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது. நாட்டைவிட்டு வெளியேற எஃப்.ஆர்.ஆர்.ஓ-விடம் ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே கேட்கும் ஆவணங்களில் ஒன்று, இந்தியாவில் எங்கே தங்கியிருக்கிறார் என்பதற்கான சான்று. சி ஃபார்ம் பிரதி இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில் என்று தேட வேண்டும். எதையும் எழுத்தில் தராத வீட்டுக்காரர் அந்த நேரத்திலும் தயங்குவார்; தந்தால் தன் தவறு வெளியே வந்துவிடுமே! விமான டிக்கெட் தேதி காத்திருக்காது. விசா முடியும் நாளும் காத்திருக்காது. விசா முடிந்தும் தங்கினால், புதிய சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும் மூன்று லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது.

2020 மார்ச் மாத ஊரடங்கு இதைப் பெரிய அளவில் காட்டியது. சர்வதேச விமானங்கள் நின்றன. நாடு முழுவதும் வெளிநாட்டுப் பயணிகள் இருந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். அரசு அவர்களின் விசாவைக் கட்டணமின்றி நீட்டித்தது; பல தூதரகங்கள் சிறப்பு விமானங்களை ஏற்பாடு செய்தன. அப்படியொரு நேரத்தில், எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த நாட்டுக்காரர் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே தேடிப்போக முடியும்? காடும் குகையும் பாறையும் உள்ள மலையில் தனியாக ஏறி வழிதவறுகிறவருக்கும் இதே கதைதான். அவர் ராத்திரி திரும்பவில்லை என்று சொல்ல ஒரு வீடும், அந்த வீட்டின் பெயர் பதிந்த ஒரு காகிதமும் இருக்க வேண்டும்.

வேலூரின் லாட்ஜ் தெருக்கள்

திருவண்ணாமலையில் சில வீடுகள் கூச்சப்படும் இந்த வேலை, வடக்கே இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள வேலூரில் அன்றாட வழக்கம். 1900-ல் ஐடா ஸ்கடர் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய சி.எம்.சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ்கள் நெருக்கமாக இருக்கின்றன. பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து. ஹோட்டல்களில் மீன் குழம்பும் சோறும் வங்காள ருசியில். மேற்கு வங்கத்திலிருந்து வருபவர்களோடு, பங்களாதேஷிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு வரும் குடும்பங்களும் இங்கேதான் தங்குகின்றன.

இங்கே சிக்கலின் வடிவம் வேறு. சிகிச்சை நீளும், கையில் இருக்கும் பணம் கரையும். முதல் வாரம் ஒரு லாட்ஜ், அடுத்த வாரம் இன்னும் மலிவான லாட்ஜ் என்று குடும்பம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய இடத்துக்காரர் புதிதாகப் படிவம் போட வேண்டும். ஒரு லாட்ஜ் போட்டு, அடுத்தது விட்டுவிட்டால், கணக்கில் அந்தக் குடும்பம் இன்னும் பழைய முகவரியிலேயே இருக்கும். மருத்துவ விசாவை நீட்டிக்கப் போகும்போது அந்த இடைவெளி கேள்வியாக வந்து நிற்கும். ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி வேண்டுமா?

தியானத்துக்கு வந்தவரோ, டயாலிசிஸுக்கு வந்தவரோ, தன் பதிவுக்கு நம்பியிருப்பது தனக்குச் சாவி கொடுத்தவரைத்தான்.

பாஸ்போர்ட் நகல் பத்திரம்!

பதிவு செய்பவருக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. ஒரு மனிதரின் பாஸ்போர்ட், விசா, புகைப்படம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது சாதாரண விஷயமில்லை. ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஸ்கேன் செய்து அப்படியே விட்டுவருவது, புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, கவுன்டரில் யார் வேண்டுமானாலும் புரட்டும்படி வைப்பது எல்லாம் ஆபத்து. வேலை முடிந்ததும் செல்போனிலிருந்து படத்தை அழித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுங்கள். பதிவு என்ற பெயரில் அதை வாங்கி மேஜைக்குள் பூட்டி வைக்கத் தேவையில்லை.

பயணிகளும் கேட்டு வாங்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், சி ஃபார்ம் போடுவீர்களா என்று ஒரு கேள்வி. போடமாட்டேன் என்றால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும், மொட்டைமாடியில் மலை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

அதிதியும் தேதியும்

இது இந்தியாவில் மட்டும் இருக்கும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் அறை வாடகைக்கு விடுபவர் விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டும். சீனாவில் ஹோட்டல் அல்லாத வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் நம் ஊர் அப்பா அம்மாவுக்கும் அதே விதிதான். அங்கே நாம் வெளிநாட்டவர்.

திதி பார்க்காமல், சொல்லாமல் வருபவரைத்தான் 'அதிதி' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இன்றைய அதிதிக்குத் தேதி வேண்டும். வந்த தேதி, போகும் தேதி, இடையில் தங்கிய வீடு. சோறு போட்டு, பாய் விரித்து, நல்ல தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பது பழைய உபசாரம். பத்து நிமிடம் செலவழித்து ஒரு படிவம் போடுவது புதிய உபசாரம். வீட்டுக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு யாராவது வரப்போகிறார்கள் என்றால், அறையைச் சுத்தம் செய்யும் நாளிலேயே அந்தக் கணக்கையும் தொடங்கி வைத்துவிடுங்கள்.